முட்டிவலியும் வெள்ளைத் தரைக் கால்தடமும்

இப்போதெல்லாம் பிள்ளைக்கு முட்டிவலி என்று எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறவர்கள், பிள்ளையைக் காட்டுவதற்கு முன்னால் செல்போனைக் காட்டுகிறார்களாம். இதில் இப்படிப் போட்டிருக்கிறது, அதில் அப்படிப் போட்டிருக்கிறது என்று. ஷைனி சிஸ்டர்தான் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு நீங்கள் முட்டிவலியைப் பற்றிச் சொல்ல வேண்டும் பேச்சியம்மா என்றாள். எனக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனாலும் சரி என்று உடனே சொல்லிவிட்டேன். கேட்டால்தானே சொல்ல முடியும், இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லையே. எங்கள் லயத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் இருக்கிற டீச்சர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். படித்துக் காட்டும்போது என் பேச்சு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.

நான் வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டில் எட்டு வருஷம் கொழுந்து பறித்தேன். மூன்றாவது பிள்ளை பிறந்தபின் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போட்டார்கள். அங்கே முப்பத்தொரு வருஷம். தரை துடைப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது (முன்னாடி அப்படித்தான்), கட்டுப் போடத் துணி கிழிப்பது, அப்புறம் முக்கியமாக, பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது. ஊசி போடும்போது, காயம் கழுவும்போது, கட்டு அவிழ்க்கும்போது. லயத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் பிள்ளை பிடிக்கிற கிழவி. அப்போது எனக்கு முப்பது வயதுகூட முடியவில்லை.

பிடித்துப் பிடித்தே கற்றுக்கொண்டேன். மருந்துப் புட்டி எது என்று மூடி நிறத்தை வைத்துச் சொல்வேன். எந்தப் பிள்ளைக்கு நிஜ வலி, எது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற வலி என்று கையில் பிடித்த உடனே தெரியும். மட்டம் போடுகிற பிள்ளை உடம்பைத் தளரவிட்டு முகத்தை மட்டும் கோணும். நிஜ வலிக்காரன் முகத்தை ஒன்றும் செய்யமாட்டான், உடம்பு விறைத்துக்கொள்ளும்.

எங்கள் டாக்டர் குரியன் டாக்டர். சமவெளிக்காரர். எங்கள் ஊரில் கீழே இருந்து வருகிறவர்களை நாட்டுக்காரர் என்போம். குள்ளமாக, சத்தமே இல்லாமல் இருப்பார். யாரையும் திட்டமாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். தப்புச் செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம். அவர் தமிழ் எங்களிடம் கற்றுக்கொண்டது, பாதி மலையாளமாகத்தான் வரும்.

முட்டிவலி என்று ஒரு பிள்ளை வந்தால் அவர் செய்வதற்கு ஒரு முறை இருந்தது. முப்பது வருஷம் அது மாறவே இல்லை. பிள்ளையை உடனே மேசையில் ஏற்றமாட்டார். செருப்பில்லாமல் வாசலிலிருந்து மேசை வரைக்கும், திரும்ப வாசல் வரைக்கும் நடக்கச் சொல்வார். அப்புறம், எங்கே வலிக்கிறது என்று ஒரே ஒரு விரலை வைத்துக் காட்டு என்பார். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கிற எலும்பு மேட்டில் பிள்ளை சரியாக விரலை வைத்தால் அவர் முகம் லேசாகிவிடும். உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தொடையைத் தடவிக்காட்டினால் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்வார்.

அடுத்துத் தன் இரண்டு கையையும் அக்குளில் வைத்துச் சூடு பண்ணுவார். எங்கள் குளிருக்கு டாக்டர் கை பட்டாலே பிள்ளை துள்ளும், அப்புறம் வலியில் துள்ளியதா குளிரில் துள்ளியதா என்று எப்படித் தெரியும்? வலி இல்லாத காலைத்தான் முதலில் தொடுவார். கடைசியாகப் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, முட்டியை நெஞ்சுக்கு நேராகக் கொண்டு போவார். பாதத்தை உள்ளே ஒரு திருப்பு, வெளியே ஒரு திருப்பு. அப்போது காலைப் பார்க்கமாட்டார், பிள்ளை முகத்தைப் பார்ப்பார்.

இது இடுப்புக்கான சோதனை. முட்டிவலிக்கு எதற்கு இடுப்பு? விழுந்து தோல் உரிந்து வந்த பிள்ளைக்குக்கூட இதைச் செய்வார். வெளியே இருபது பேர் நனைந்துகொண்டு நிற்பார்கள், இவர் நிதானமாக இடுப்பைத் திருப்பிக்கொண்டு இருப்பார். ஏதோ வேண்டுதல் போல என்று நான் ஒரு தடவை சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் காதில் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்தார்.

பெரும்பாலும் வருவது இரண்டு வகைதான். ஒன்று, நாலைந்து வயதிலிருந்து வருகிற பிள்ளைகள். சாயந்திரம் ஆனால் இரண்டு காலும் வலிக்கிறது என்று அழும். அம்மா காலைப் பிடித்துவிட்டால் தூங்கிப்போகும். காலையில் எழுந்து குதித்துக்கொண்டு ஓடும். வீக்கம் இருக்காது, நொண்டாது. இதை வளர்கிற வலி என்பார்கள். பயப்படவே வேண்டாம்.

இரண்டாவது, பத்து வயதுக்கு மேல். திடீரென்று உயரமாகிற பிள்ளைகள், பந்து விளையாடுகிறவர்கள், எங்கள் லயத்துப் படிக்கட்டில் மூன்று மூன்று படியாகக் குதித்து இறங்குகிறவர்கள். சில்லுக்குக் கீழே மேடு புடைத்து வலிக்கும். எலும்பு வேகமாக வளர்கிறது, தொடைச்சதை அந்த வேகத்துக்கு நீளவில்லை, அதனால் சதை எலும்பை இழுக்கிறது என்று டாக்டர் சொல்வார். இவர்களை டாக்டர் பார்த்து முடித்ததும் என்னிடம்தான் அனுப்புவார். குதிப்பதைக் கொஞ்ச நாள் குறை, நடப்பதை நிறுத்தாதே. விளையாடி வந்ததும் ஓடைத்தண்ணீரில் துணியை நனைத்துப் போடு. எங்கள் ஓடைத் தண்ணீருக்கு ஐஸ் எதற்கு? அப்புறம், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் கணுக்காலைப் பின்னால் பிடித்துத் தொடையை மெதுவாக இழு. இதற்குக் கொக்கு என்று பேர் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரோரம் எத்தனையோ கொக்குகளை நிறுத்தியிருக்கிறேன்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. எண்ணெய் வைத்து அழுத்தி உருவக்கூடாது. என் மூத்தவனுக்கு நான் அதைத்தான் செய்தேன். சுளுக்கு என்று நினைத்து, அவன் அலற அலற, ஒரு வாரம். அந்த மேடு இன்னமும் இருக்கிறது. உருவாமல் விட்டிருந்தாலும் மேடு இருந்திருக்கும், அது ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் நான் உருவியதற்கு வலி மட்டும்தான் மிச்சம். அவன் இப்போது ஜீப் ஓட்டுகிறான். கோயிலில் முட்டி போடச் சொன்னால் மட்டும் என்னைப் பார்த்து முறைப்பான்.

சரி, செல்வி கதைக்கு வருகிறேன். ஷைனி சிஸ்டர் கேட்டதே அதைத்தான்.

செல்வி எங்கள் மேல் லயத்து இசக்கியின் ஒரே மகள். பன்னிரண்டு வயது. அந்த வருஷம் கொடிக்கம்பம் மாதிரி வளர்ந்துவிட்டாள். ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. மழை விட்டதும் ஒரு சனிக்கிழமை ஓட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், தேறினால் கீழே விளையாட்டு ஆஸ்டலில் சேர்த்துப் படிக்கவைப்பார்கள் என்று பள்ளிக்கூடத்து விளையாட்டு சார் சொல்லியிருந்தார். இசக்கிக்கு அதுதான் பேச்சு. அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கொழுந்து பறிக்கிறது என்னோடு போகட்டும் என்பாள். புருஷன் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய் எப்போதாவது வருவான். அந்தப் பிள்ளையின் காலில்தான் அவள் எல்லாவற்றையும் வைத்திருந்தாள்.

அந்த மழையில்தான் குரியன் டாக்டர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனார். பதிலுக்கு ஒரு டாக்டர் வாரம் இரண்டு நாள் வந்தார். நல்லவர்தான், ஆனால் காய்ச்சல் கூட்டம் கதவைத் தள்ளியது. செல்வியை இசக்கி கூட்டி வந்தாள். இடது முட்டி வலி. அவர் முட்டியை அழுத்திப் பார்த்தார், வீக்கம் இல்லை. வளர்கிற வயசு என்று மாத்திரை கொடுத்தார்.

இசக்கி வெளியே வந்து என்னைத்தான் கேட்டாள். டாக்டர் சொல்வதைவிட நான் சொல்வதை லயத்தில் நம்புவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். நான் அந்தப் பிள்ளையை நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. ஒரு விரலை வைக்கச் சொல்லவில்லை. கையில் துடைப்பத்தோடு நின்றபடியே சொன்னேன்.

"வளர்ற வலிதான் இசக்கி. கொக்கு நிக்கச் சொல்லு. ஓட்டத்துக்குள்ள சரியாயிரும்."

முப்பது வருஷத்தில் நான் சொன்ன தப்பான வாக்கு அது. ஒற்றைக்கால் வலிக்கு வளர்கிற வலி என்று சொன்னேன்.

இப்போது தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம்தான் ஆஸ்பத்திரிக்கு வெள்ளை டைல்ஸ் போட்டார்கள். எஸ்டேட்டில் யாராவது வெள்ளைத் தரை போடுவார்களா? செருப்பை வாசலில் விட்டாலும் காலெல்லாம் செஞ்சேறு. நான் துடைத்துக்கொண்டே பின்னால் போவேன், ஜனங்கள் மிதித்துக்கொண்டே முன்னால் போவார்கள். அதைப் போட்டவனைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் ஒன்று, சேற்றுத்தடம் அதில் அச்சடித்த மாதிரி விழும்.

ஒரு வாரம் கழித்து இசக்கி மறுபடியும் கூட்டி வந்தாள். மாத்திரைக்கு வலி கேட்கவில்லையாம். அவர்கள் போனபின் தரையைத் துடைத்தேன். மற்றவர்கள் மிதித்ததற்கு நடுவே செல்வியின் ஒரு பாதத் தடம் மட்டும் தெரிந்தது, அது வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. பார்த்தேன். துடைத்தேன்.

ஏன் துடைத்தேன் என்றால், எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். நேர்சரிவில் முதுகில் கொழுந்துச் சுமையோடு இறங்கும்போது பாதத்தைக் குறுக்கே வைத்துத்தான் இறங்க முடியும். இல்லாவிட்டால் உருண்டு ஓடையில் கிடப்போம். அதுவே பழகி, சமத்தரையிலும் பாதத்தை விரித்து நடப்போம். மலைக்கால் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். கீழே கல்யாண வீடுகளில் எங்களை நடையை வைத்தே கண்டுபிடிப்பார்கள். லயத்துப் பிள்ளையின் பாதம் கோணியிருந்தால் யாருக்கு என்ன ஆச்சரியம்?

மூன்றாவது தடவை அவர்கள் வந்தது வியாழக்கிழமை. ஓட்டத்துக்கு ஆள் எடுக்கிற சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். பதில் டாக்டர் வராத நாள் அது. ஷைனி சிஸ்டர் அப்போது புதிது. இசக்கி முட்டிக்கு இறுக்கிக் கட்ட ஒரு பட்டை கேட்டு வந்தாள், ஓட்டம் முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்று. சிஸ்டர் பட்டையை எடுக்க உள்ளே போனாள். நான் அப்போதுதான் துடைத்து முடித்திருந்தேன், தரையில் வேறு ஒரு தடமும் இல்லை. செல்வி வாசலிலிருந்து பெஞ்சு வரைக்கும் நடந்து வந்தாள்.

நான் திட்டுவதற்காகத்தான் தரையைப் பார்த்தேன்.

டைல்ஸ் கோடு நேராகப் போகிறது. அதன் ஓரமாக வலது பாதம் நேராகப் போகிறது. இடது பாதம் மட்டும் வெளியே திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு அடியிலும். மலைக்கால் என்றால் இரண்டும் அல்லவா விரியும்? ஒற்றைக் காலில் மலை எப்படி ஏறும்?

தரை துடைத்த ஈரத்தில் என் கை சில்லென்று இருந்தது. டாக்டர் மாதிரியே அக்குளில் வைத்துச் சூடு பண்ணினேன். செல்வியைப் பெஞ்சில் படுக்கவைத்தேன். எங்கே வலி, ஒரு விரல் வை என்றேன். அவள் உள்ளங்கையால் தொடையிலிருந்து முட்டி வரைக்கும் தடவினாள். வலது காலை மெதுவாக மடக்கினேன், முட்டி நெஞ்சுக்கு நேராக வந்தது. இடது காலை மடக்கினேன். பாதி வந்ததும் அது நெஞ்சுக்கு வரவில்லை, அக்குள் பக்கமாகத் தானே விலகிப் போனது. நான் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை சத்தம் போடவில்லை. உடம்பு விறைத்தது.

அதற்கு மேல் நான் தொடவில்லை. இறங்காதே தாயி, அப்படியே கிட என்றேன். பட்டையோடு வந்த சிஸ்டர், குரியன் டாக்டர் திங்கட்கிழமை வந்துவிடுவாரே என்றாள். திங்கள் வரைக்கும் இந்தப் பிள்ளை தரையில் கால் வைக்கக்கூடாது என்றேன். இசக்கி எழுந்துவிட்டாள்.

"அன்னைக்கு வளர்ற வலின்னது யாரு? நீதானக்கா. இன்னைக்குக் காலையே ஊனக்கூடாதுங்க. தொடைப்பம் பிடிக்கிறவ சொல்லியா எம்புள்ள ஓட்டத்தை விடும்?"

"நாந்தான் சொன்னேன் இசக்கி. தப்பாச் சொன்னேன். அதுக்கு என்னை எப்ப வேணா வையி. புள்ளய மட்டும் எறக்காத."

அவள் மகளின் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். நான் பெஞ்சுக்கு முன்னால் நின்றேன். சிஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. போனைப் போடு என்றேன் அவளிடம். கல்யாண வீட்டுக்கா என்றாள். கல்யாண வீட்டுக்குத்தான்.

போனில் பாட்டுச் சத்தம் கேட்டது, அப்புறம் அவர் வெளியே நடந்து வருகிற சத்தம். எந்தக் கால் என்று கேட்டார். மடக்கினால் முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்றுக்கும் சொன்னேன்.

"பேச்சியே, ஆ குட்டிய ஒரு அடி நடத்தக்கூடாது. தூக்கிக்கொண்டு போ. எக்ஸ்ரே இடுப்புக்கு. முட்டுக்கு அல்ல. கேட்டோ?"

அப்புறம் போனை இசக்கியிடம் கொடுக்கச் சொன்னார். அவளிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் போனைத் திருப்பித் தந்துவிட்டு, மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணியை அவிழ்த்துப் பிள்ளையின் மேல் போர்த்தினாள்.

ஆஸ்பத்திரி வண்டி வேறு ஆளோடு குமுளி போயிருந்தது. ஃபேக்டரிக்குப் போகிற கொழுந்து வண்டியை நிறுத்தினோம். மூட்டைகளைப் பரத்தி, அதன்மேல் ஸ்ட்ரெச்சரை வைத்தோம். பச்சைக் கொழுந்து மெத்தை மாதிரி, குலுங்கவே இல்லை. செல்வி என்னிடம், பெரியம்மா, ஓட்டத்துக்குப் போவேனா என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் ஓட்டத்துக்குள் சரியாகிவிடும் என்று அந்தப் பொய்யை ஏற்கெனவே சொல்லிவிட்டேனே. போகமாட்டே தாயி என்றேன்.

டவுனில் எக்ஸ்ரே எடுக்கிற பையன் சீட்டைப் படித்துவிட்டு முட்டிக்கு நேராகக் கருவியைத் திருப்பினான். சிஸ்டர் அவசரத்தில் முட்டிவலி என்றே எழுதிவிட்டாள். இடுப்புக்கு எடு என்றேன்.

"அம்மச்சி, சீட்டில முட்டுன்னு எழுதியிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாது மோனே. எங்க டாக்டர் சொன்னது இடுப்பு."

அவன் சிரித்தான். சிஸ்டர் எழுதித் தந்த நம்பரைக் காட்டி, கல்யாண வீட்டுக்கு அவனையே போன் போட்டுப் பேசச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

படத்தில் பார்த்தால் எனக்கே புரிந்தது. தொடை எலும்பின் உச்சியில் ஒரு உருண்டை இருக்கிறது. தலையில் சும்மாடு சரிந்தால் எப்படி இருக்கும், அப்படி அந்த உருண்டை ஒருபக்கம் சறுக்கியிருந்தது. வேகமாக வளர்கிற வயதில் சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகுமாம். இடுப்பில் சறுக்கும், முட்டியில் வலிக்கும். இன்னும் சறுக்கியிருந்தால் உருண்டைக்கு ரத்தம் போகாமல் கெட்டுவிடும், காலம் முழுக்க நொண்டிதான். சனிக்கிழமை ஓட்டத்தில் அது நடந்திருக்கும். அன்றைக்கே கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுநாள் ஒரு திருகாணி வைத்து நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். கல்யாணப் பலகாரம், அச்சப்பம், ஒரு டப்பா கொண்டுவந்து மேசையில் வைத்தார். அப்புறம், சிஸ்டர் தடத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாள் போல, அதை முன்னாலேயே பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், மலைக்கால் என்று துடைத்துவிட்டேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றப்போகிறார் என்று நின்றேன். கழற்றவில்லை.

"நான் நாட்டுக்காரன் பேச்சி. நிங்ஙள் எல்லாரும் நடக்குறது எனக்குக் கோணலாத்தான் தெரியும். எது நோவு, எது மலைன்னு எனக்கு அறியாது. அதான் எல்லா இடுப்பையும் பிடிச்சுப் பாக்குறது."

இத்தனை வருஷமாக நான் வேண்டுதல் என்று நினைத்தது இதைத்தான். அவர் தெரியாது என்று வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். நான் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஒருத்தியைப் பார்க்காமல் விட்டேன்.

அதற்குப்பின் ஒரு பிள்ளையைக்கூட நான் நடக்கவிடாமல், ஒரு விரலை வைக்கச் சொல்லாமல் விட்டதில்லை. மலருக்கு இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்: இரண்டு காலும் வலித்து, காலையில் ஓடினால் விடுங்கள். ஒற்றைக்கால் வலி, நொண்டல், வீக்கம், காய்ச்சல், பாதம் ஒரு பக்கம் திரும்புவது, இதில் எது இருந்தாலும் கூட்டி வாருங்கள். முட்டி என்று வந்தால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனில் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை நடப்பதையும் ஒரு தடவை பாருங்கள்.

செல்வி பல வாரம் கக்கத்தில் கட்டையோடு நடந்தாள். ஆஸ்டல் போனது போனதுதான். இசக்கி என்னிடம் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். எப்போது வேண்டுமானாலும் வை என்று சொன்னவள் நான்தானே, பேசாமல் இருப்பதும் ஒரு வசவுதான் என்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் செல்வியின் காலை டாக்டரிடம் காட்டுவதற்காகத் தாயும் மகளும் வந்தார்கள். கட்டை இல்லை. நான் தரையைத் துடைத்து, ஓரத்தில் நின்று புடவை முந்தியைப் பிழிந்துகொண்டு இருந்தேன். செல்வி செருப்பை விட்டுவிட்டு, சேற்றுக்காலோடு டாக்டர் அறை வரைக்கும் நடந்து போனாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் விழுந்ததைப் பார்த்தேன். வலது பாதம் கோட்டின் ஓரம் நேராக. இடது பாதமும் அப்படியே, ஒரு நூல் மட்டும் வெளியே. நொண்டின தடம் ஒன்றுகூட இல்லை.

இசக்கி என் பக்கத்தில் நின்றாள். அவளும் தரையைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தரையெல்லாம் சகதியாக் கெடக்கே. தொடைக்கலையாக்கா?"

"கெடக்கட்டும் இசக்கி."

டாக்டர் அறைக் கதவைத் திறந்து வெளியே வந்தார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தத் தடத்தை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கி நடந்து போனார்.